எண்கள் வரையும் ஓவியம்: விரஹாங்கர் தொடரும் கட்டத்தாளும்

அரூப ஓவியத்தில் அடுத்த கோட்டை எங்கே இழுப்பது? மலையோ முகமோ முன்னால் இல்லாதபோது இக்கேள்விக்கு எளிதில் விடை கிடைப்பதில்லை. கலைஞர்கள் சிலர் அந்த முடிவை எண் தொடரிடம் ஒப்படைக்கின்றனர்.

1973-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஃபிராங்க் ஆட்ஸ் விவரித்த முறை மிக எளியது. கட்டத்தாளில் 1 கட்ட நீளம் வரைந்து வலப்புறம் திரும்ப வேண்டும். பின் 2, பின் 3, ஒவ்வொன்றின் முடிவிலும் அதே திருப்பம். இதை நான்கு முறை செய்தால் 12 கோடுகளில் உருவம் தொடங்கிய புள்ளிக்கே திரும்பிவிடும். 1, 2, 3, 4 என எடுத்தாலோ, கோடு ஒருபோதும் மூடாமல் மூலைவிட்டமாக நகர்ந்துகொண்டே போகும்.

இம்முறைக்கு இந்தியத் தொடர் ஒன்று நன்கு பொருந்துகிறது. ஒரு மாத்திரை கொண்ட லகுவையும் இரண்டு மாத்திரை கொண்ட குருவையும் வைத்து ஓர் அடியை எத்தனை வகையில் அமைக்கலாம் என யாப்பறிஞர் விரஹாங்கர் கணக்கிட்டார். நான்கு மாத்திரைக்கு 5 வகை, ஐந்துக்கு 8. முந்தைய இரு எண்களின் கூட்டலே அடுத்த எண். குஜராத்தின் ஹேமச்சந்திரரும் 12-ஆம் நூற்றாண்டில் இதை எழுதினார். 1202-இல் நூல் எழுதிய இத்தாலியர் ஃபிபோனச்சியின் பெயரே பின்னர் இதற்கு நிலைத்தது.

1, 1, 2, 3, 5, 8, 13 எனத் தொடங்கும் இத்தொடரின் எண்கள் விரைவில் தாளை மீறிவிடும். எனவே இலக்கங்களைக் கூட்டி ஒற்றை இலக்கமாக்க வேண்டும்: 13 என்பது 4, 89 என்பது 8. இவ்வாறு சுருக்கினால் 24 எண்களுக்கு ஒருமுறை தொடர் அப்படியே திரும்ப வருகிறது.

இதனை முதலில் வலப்பக்கமாகத் தொடங்கி வரைந்தால், வலம், கீழ், இடம் என மூன்று திசைகளிலும் தலா 27 கட்டங்கள். மேல்நோக்கி மட்டும் 36. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் உருவம் 9 கட்டம் மேலேறி, சேலைக் கரை போல நீள்கிறது. தொடரில் இருமுறை வரும் 9-ஐ 0 எனக் கொண்டு, கோடு இழுக்காமல் திரும்ப மட்டும் செய்தால், அதே கரை 9 கட்டம் கீழிறங்கும். வரைபவர் எடுத்த முடிவு ஒன்றுதான். ஓவியத்தின் திசையே மாறிவிட்டது.

இத்தாலியக் கலைஞர் மரியோ மெர்ஸ் இதே தொடரை நியான் எண்களாக ஒளிரச் செய்து புகழ்பெற்றார். ஆனால் அங்கே எண் காட்சிப்பொருள். இங்கே எண் மறைந்து கோடு மட்டும் எஞ்சுகிறது. நுட்பமானது இதுவே எனத் தோன்றுகிறது.

மூடிய உருவம் வேண்டுவோர் கோணத்தை மாற்றலாம். 90 பாகைக்குப் பதில் ஒவ்வொரு முறையும் 50 பாகை திரும்பினால், ஒரு சுற்றின் முடிவில் திசை 120 பாகை விலகியிருக்கும்; மூன்றாம் சுற்றின் முடிவில் கோடு தொடக்கப் புள்ளியை வந்தடையும். இதற்குக் கட்டத்தாள் உதவாது, பாகைமானி தேவை.