மண்டியில் நின்ற பாலே

இலங்கையின் மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக மலை ஏறினால் ரிவர்ஸ்டன். நக்கிள்ஸ் மலைத்தொடரின் இந்த முகட்டில் காற்றுக்குப் பஞ்சமே கிடையாது. உச்சியிலுள்ள தொலைத்தொடர்புக் கோபுரத்தை நோக்கி நடக்கிறவர் யாராக இருந்தாலும், பலமாக ஒரு வீச்சு வந்தால் கால்களை அகட்டி, முழங்காலை மடித்துத்தான் நிற்பார். விழாமல் நிற்க உடம்புக்குத் தெரிந்த வழி அது.

இந்த மலைநாட்டுக்குரிய கண்டிய நடனத்தின் அடிப்படை நிலையும் ஏறக்குறைய அதுதான். முழங்கால்கள் பக்கவாட்டில் விரிந்து மடியும். பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பும். முதுகு மட்டும் நிமிர்ந்தே இருக்கும். சிங்களத்தில் ‘மண்டிய’ என்பார்கள். பரதநாட்டியத்தின் அரைமண்டி தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பாதங்களுக்கிடையே இடைவெளி கூடுதல், அவ்வளவே. காற்றிலிருந்துதான் மண்டிய பிறந்தது என்று சொல்ல வரவில்லை. இரண்டுக்கும் மண்ணைப் பிடித்துக்கொள்வதுதான் வேலை.

பாதங்களை வெளிப்பக்கம் திருப்புவது பாலேயிலும் முதல் பாடம். ஆனால் அது போன திசை வேறு. இத்தாலிய அரண்மனை விருந்துகளில் தொடங்கி பிரான்ஸில் வளர்ந்த ஆட்டம் அது. 14ஆம் லூயி மன்னர் 1653இல் சூரியனாக வேடம் பூண்டு தாமே ஆடினார். 1661இல் நடனத்துக்கென்று அரச கழகமே நிறுவினார். நாளடைவில் பிரபுக்கள் பார்வையாளர் ஆனார்கள், தொழிற்கலைஞர்கள் மேடைக்கு வந்தார்கள். 1832இல் பாரிஸில் ‘லா சில்ஃபீட்’ நாட்டியத்தில் மரி தாலியோனி கால்விரல் நுனியில் நின்று ஆடிய பிறகு, தரையை விட்டு மேலே போவதே பாலேயின் கனவாகிப்போனது.

கண்டிய ஆட்டக்காரருக்கு அந்தக் கனவு இல்லை. துள்ளலும் சுழற்சியும் நிறைய உண்டு. ஆனாலும் கால் தேடுவது மண்ணைத்தான். அதன் வேர் ‘கொஹொம்பா கங்காரிய’ என்ற சடங்கில் இருக்கிறது. மலையகத் தமிழருக்குக் காமன் கூத்து எப்படியோ அப்படி, நோய் நீங்கவும் ஊர் செழிக்கவும் விடிய விடிய ஆடுவது. நல்ல நேரம் பார்த்து, ‘வெஸ்’ எனும் வெள்ளித் தலையணியைக் குரு சூட்டும்வரை சீடன் முழு ஆட்டக்காரனாக மாட்டான். கூடவே ‘கெட்டபெர’ எனும் மேளம் முழங்கும். அதன் முதற்சொற்கள் தத், ஜித், தொங், நங். மிருதங்கம் பயின்றவர் காதுக்கு இது தூரத்து உறவாகத்தான் கேட்கும்.

இத்தனை இருந்தும் இந்த ஆட்டம் பெரவா சாதியாரின் குலத்தொழிலாகவே பார்க்கப்பட்டது. பிரெஞ்சு மன்னன் ஆடினால் நாகரிகம். மேளம் அடிக்கிறவன் ஆடினால் சாதித் தொழில்! பெண்களுக்கோ வெஸ் அணிந்து ஆடும் உரிமையே இருக்கவில்லை.

இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவே வந்தவர் சித்ரசேனா. 1921இல் பிறந்தவர், தந்தை ஷேக்ஸ்பியர் நாடகங்களில் பேர் வாங்கிய நடிகர். அப்போது காற்று நடன மேடையின் பக்கமே வீசிக்கொண்டிருந்தது. ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவாவோடு 1923இல் மேடையேறிய உதயசங்கர், இந்திய ஆட்டத்தை உலக அரங்குக்குக் கொண்டுபோயிருந்தார். பாவ்லோவாவைச் சந்தித்த பிறகே ருக்மிணி தேவி நடனத்தின் பக்கம் திரும்பினார். 1934இல் தாகூர் தம் குழுவோடு இலங்கைக்கே வந்து நாட்டிய நாடகம் போட்டார். சித்ரசேனா கண்டிய ஆட்டத்தைப் பரம்பரைக் குருமாரிடம் கற்றார், கேரளத்தில் கதகளி பயின்றார், சாந்திநிகேதனுக்கும் போனார்.

பாலேயிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது அடவை அல்ல, அமைப்பை. வசனம் இல்லாமல், உடம்பையும் இசையையும் மட்டும் நம்பி நிகழ்ச்சி முழுவதும் ஒரே கதையைச் சொல்வது. சிங்களத்தில் இதற்கு ‘முத்ரா நாட்டிய’ என்று பெயர். 1961இல் வந்த ‘கரதிய’ இதன் சிகரம். பெயரின் பொருள் உப்புநீர். கதை மீனவக் குப்பத்தில் நடக்கிறது, இசை அமரதேவ. மலைநாட்டுக் கால்கள் கடற்கரை மனிதர்களின் பாட்டைச் சொல்ல முற்பட்டது எவ்வளவு பெரிய துணிச்சல்!

1963இல் ‘நள தமயந்தி’. தூது போகும் அன்னத்தைத் தமிழருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஐரோப்பிய பாலேக்கும் அன்னம்தான் அடையாளம்; ‘அன்ன ஏரி’யைக் கேள்விப்படாதவர் குறைவு. கொழும்பு மேடையில் அந்த அன்னமாக ஆடியவர் சித்ரசேனாவின் மனைவி வஜிரா. விரல்நுனியில் அல்ல, மண்டியவில் வளர்ந்த உடம்போடு. ஆண்களுக்கே உரியதாயிருந்த ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்ட முதல் பெண் அவர். ஆண்களின் வீச்சைக் குறைத்துக் காட்டாமல், பெண்ணுடலுக்கென்று ஒரு நளினத்தை அதில் வகுத்தார். இலங்கை நடனத்துக்கு இந்தக் குடும்பம் செய்தவற்றில் இதையே முதலில் வைக்க வேண்டும்.

சித்ரசேனா 2005இல் மறைந்தார். 2012இல் அவர் பெயரிலான குழுவும் பெங்களூர் அருகேயுள்ள நிருத்யக்ராமின் ஒடிசிக் கலைஞர்களும் சேர்ந்து ‘சம்ஹாரா’வை மேடையேற்றினார்கள். வஜிராவுக்கு 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருதை இந்திய அரசு வழங்கியது.