ஹெல்மெட் ஓட்டுக்குள்ள ரப்பர் என்ன பண்ணுது?

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்ல ஒரு கேள்வி. "ப்ரோ, ஹெல்மெட் வாங்கப் போனேன். கடைக்காரர் இது ஏபிஎஸ் ஓடுன்னார். ஏபிஎஸ்னா பிளாஸ்டிக்தானே? அதை நம்பி தலையைக் கொடுக்கலாமா?"

கொடுக்கலாம். ஆனா அந்த நம்பிக்கை எதுல நிக்குதுன்னு பார்த்தா, கண்ணுக்கே தெரியாத சின்னச் சின்ன ரப்பர் உருண்டைகள்ல. இன்னைக்கு அந்தக் கதைதான்.

முதல்ல ஏபிஎஸ்-ஸோட எளிமையான சொந்தக்காரரைப் பார்ப்போம். பழைய சிடி கவர் ஞாபகம் இருக்கா? கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், கீழ விழுந்தா மூலை டப்புனு உடைஞ்சிடும். அது பாலிஸ்டைரீன். வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தா உள்ள வெள்ளையா ஒரு சுவர் இருக்கும். பெரும்பாலும் அதுவும் பாலிஸ்டைரீன்தான். வருஷக்கணக்கா பாத்திரம் இடிக்குது, ஒண்ணும் ஆகறதில்ல. வித்தியாசம், அதுல சேர்த்திருக்கிற பாலிபியூட்டடையீன்ங்கிற ரப்பர். எடையில சுமார் 5-லிருந்து 10 சதவீதம், அவ்வளவுதான்.

உடனே நமக்குத் தோணுறது, 'ரப்பர் மெத்தை மாதிரி அடியை வாங்கிக்குது'. ஆரம்பத்துல ஆராய்ச்சியாளர்களும் கிட்டத்தட்ட இப்படித்தான் நினைச்சாங்க. 1965-ல பக்னால், ஸ்மித்னு ரெண்டு பேர் எழுதின கட்டுரை கதையை மாத்துச்சு. அவங்க பிடிச்சது ஒரு சாதாரண விஷயம். இந்த பிளாஸ்டிக்கை வளைச்சா, வளைஞ்ச இடம் வெளுத்துப் போகும். ஏன்?

அங்க நடக்கிறதுக்குப் பேர் கிரேஸ். விரிசலுக்கு அண்ணன் தம்பி, ஆனா விரிசல் இல்ல. துணி கிழியும்போது ரெண்டு ஓரத்தையும் சில நூல்கள் இழுத்துப் பிடிச்சிட்டு இருக்கும் பாருங்க, அது மாதிரி. பிளாஸ்டிக் பிளந்தாலும் நடுவுல ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் பாலம் போட்டு நிக்கும். இடையில இருக்கிற வெற்றிடத்துல ஒளி சிதறுறதாலதான் வெள்ளையாத் தெரியுது. ஒவ்வொரு இழையும் இழுபடும்போது கொஞ்சம் ஆற்றல் செலவாகும். சிடி கவர்ல கிரேஸ் கொஞ்சமாத்தான் வரும், அதுல ஒண்ணு சட்டுனு விரிசலாகி எல்லாம் முடிஞ்சிடும். ரப்பர் உருண்டைகள் இருந்தா, ஒவ்வொண்ணும் தன்னைச் சுத்தி கிரேஸைத் தொடங்கி வைக்கும், அது ரொம்ப நீளாமலும் பார்த்துக்கும். ஒரு பெரிய உடைப்புக்குப் பதிலா லட்சக்கணக்கான குட்டி இழுபாடு. ரப்பர் தானா வாங்கிக்கிற அடி கம்மி. சுத்தியிருக்கிற பிளாஸ்டிக்கை வேலை செய்ய வைக்கிறதுதான் அதோட வேலை.

சரி, அப்போ ரப்பரைக் கலந்துட்டா போதுமா? போதாது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான். ஸ்டைரீன் திரவத்துல ரப்பரைக் கரைச்சு, அப்படியே பாலிமரா மாற விடணும். மாறும்போது நல்லாக் கலக்கிக்கிட்டே இருக்கணும். கலக்கினா ஒரு கட்டத்துல அமைப்பே தலைகீழாகும். அதுவரை வெளியில இருந்த ரப்பர் உருண்டைகளா உள்ள போயிடும், பாலிஸ்டைரீன் சுத்தி நிக்கும். கலக்காம விட்டா ரப்பர் வலை மாதிரி அப்படியே பரவி நின்னுடும், அந்த உறுதி வராது. அதே பொருள், அதே அளவு. கோடு எழுதுறவங்களுக்கு இது புதுசில்ல, அதே லைப்ரரிகளை வெச்சு நல்ல ஆப்பும் எழுதலாம், எடுத்ததும் கிராஷ் ஆகிற ஆப்பும் எழுதலாம்.

இன்னொரு அழகு, அந்த உருண்டைகளுக்குள்ளேயே குட்டி குட்டி பாலிஸ்டைரீன் துண்டுகள் மாட்டிக்கும். நறுக்கின சலாமி மாதிரி தெரியறதால 'சலாமி அமைப்பு'ன்னே பேரு. அதனால எடையில சில சதவீதமே இருக்கிற ரப்பர், கொள்ளளவுல 20 சதவீதத்துக்கு மேலயே இடம் பிடிச்சுக்குது.

உருண்டையோட சைஸும் முக்கியம். பாலிஸ்டைரீனுக்கு ஒண்ணு ரெண்டு மைக்ரான் வேணும், ரொம்பச் சின்னதா இருந்தா பிரயோஜனமில்ல. ஏபிஎஸ்ல அதைவிட ரொம்பச் சின்னதே போதும். நைலான்ல கதையே வேற. டூபான்ட் கம்பெனியில சௌஹெங் வூ 1985-ல காட்டினது, அங்க முக்கியம் ரெண்டு உருண்டைக்கு நடுவுல இருக்கிற இடைவெளி. சுமார் 0.3 மைக்ரானுக்கு மேல இருந்தா நைலான் பட்டுனு உடையுது, கீழ வந்தா சட்டுனு உறுதியாகுது. ரப்பர் அளவைக் கூட்டாமலே உருண்டைகளைச் சின்னதாக்கினா இடைவெளி குறையும். அதுக்கு ரப்பர் நைலானோட ஒட்டணும். ஒட்டலைன்னா உருண்டைகள் ஒண்ணு சேர்ந்து பெருசாயிடும். அதனால ரெண்டையும் பிணைக்கிற மாதிரி ரப்பர்ல மாலியிக் அன்ஹைட்ரைடைக் கோத்து விடுவாங்க.

இப்போ ஹெல்மெட்டுக்கு வருவோம். இந்த உருண்டைகளை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல பார்க்க ஒரு தந்திரம் உண்டு. ஆஸ்மியம் டெட்ராக்சைடை விட்டா ரப்பர் மட்டும் கறுப்பாத் தெரியும், ஏன்னா அதுல இருக்கிற இரட்டைப் பிணைப்புகளோட ஆஸ்மியம் வினை புரியும். சிக்கல் என்னன்னா, அதே இரட்டைப் பிணைப்புகளைத்தான் வெயிலும் ஆக்ஸிஜனும் சேர்ந்து தாக்குது. வருஷக்கணக்கா வெயில் பட்டா மேற்பரப்புல இருக்கிற ரப்பர் இறுகிப்போய், ரப்பராவே இருக்காது. மேல ஒரு மெல்லிய நொறுங்குற தோல். விரிசல் அங்கதான் பிறக்கும், பிறந்து வேகம் பிடிச்ச பிறகு உள்ள இருக்கிற நல்ல ஏபிஎஸ்ஸால அதை நிறுத்துறது கஷ்டம். மஞ்சளாகிறது வெளியில தெரியற அடையாளம், பெயின்ட் இருந்தா அதுகூட தெரியாது. வெளியிலேயே இருக்கிற பொருட்களுக்கு அக்ரிலிக் ரப்பர் போட்ட ஏஎஸ்ஏ-ன்னு ஒரு வகை இருக்கு, அந்த ரப்பர்ல இந்தப் பிணைப்புகளே கிடையாது.

அதனால வாய்ஸ் நோட் அனுப்பினவருக்கு: ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்க. பார்க்கிங்ல தினமும் கண்ணாடியில மாட்டி வெயில்ல காய விடாதீங்க. ஸ்டிக்கர் பசை எடுக்க பெட்ரோலோ தின்னரோ தொடவே வேண்டாம். அது ஓட்டுல கிரேஸை எளிதா விரிசலாக்கிடும், உள்ள இருக்கிற தெர்மாகோலையும் கரைச்சிடும். தெர்மாகோலும் பாலிஸ்டைரீன்தான், அதுல ரப்பர் எதுவும் கிடையாது. நசுங்குறதுதான் அதோட வேலை, அதுவும் ஒரே ஒரு தடவை. பெரிய அடி வாங்கின ஹெல்மெட் வெளியில பளபளன்னு இருந்தாலும் மாத்திடுங்க.