கணிப்பொறியும் கைவிரலும்

விடுதியில் தையல் இயந்திரம் ஒன்றுதான் இருக்கும். அது ஏதோ ஓர் அறையில் இருந்தாலும், எல்லா அறையினரும் அதிலேயே தைத்துக் கொள்வோம். மாக் கணிப்பொறியிலும் இத்தகைய ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரு செயலி செய்யும் வேலையை மற்றச் செயலிகளும் கேட்டுப் பெறலாம். இதற்குச் 'சர்வீசஸ்', அதாவது சேவைகள், என்று பெயர். ஸ்டீவ் ஜாப்ஸ் 1985-இல் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனத்தின் கணிப்பொறியில் பிறந்த முறை இது. 1997-இல் அந்நிறுவனம் ஆப்பிளுடன் சேர்ந்தது. 2001-இல் வெளிவந்த மாக் ஓ.எஸ். டென் வழியாகச் சேவைகளும் மாக்கிற்கு வந்து சேர்ந்தன.

கடிதம் ஒன்றைப் படிக்கிறோம். அதில் ஒரு வரியைக் குறித்துவைக்க வேண்டும். அவ்வரியைத் தேர்ந்தெடுத்து, திரையின் மேல் இடப்பக்கம் உள்ள செயலியின் பெயரைத் திறந்து, சர்வீசஸுக்குள் சென்று, 'ஸ்டிக்கி நோட்' சேவையைத் தொட்டால், அவ்வரி மஞ்சள் தாளில் ஒட்டிக் கொண்டு நிற்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் இத்தனை படி ஏறி இறங்குவதா? ஷிஃப்ட், கமாண்ட், ஒய் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் அதே வேலை முடிந்துவிடும்.

கமாண்ட் விசையில் சிக்குக் கோலம் போன்ற ஒரு குறி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1984-இல் வந்த முதல் மாக்கிற்காகச் சூசன் கேர் என்னும் ஓவியர் தேர்ந்தெடுத்தது அது. சுவீடனில் காணத்தக்க இடங்களைக் காட்டும் குறியாம்!

விசைகளை நம் விருப்பப்படியும் மாற்றலாம். சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு, அதில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ், அதில் சர்வீசஸ். வேண்டிய சேவைக்கு எதிரே உள்ள இடத்தை இருமுறை சொடுக்கி, புதிய விசைகளை அமுக்கினால் போதும்.

இங்கேதான் நாங்கள் சறுக்கினோம். மலருக்கான கட்டுரையைத் தட்டச்சு செய்தபோது, ஒட்டுத் தாளுக்கு ஷிஃப்ட், கமாண்ட், எஸ் என்று வைத்தோம். அமுக்கினோம்; தாள் வரவில்லை. மீண்டும் மீண்டும் அமுக்கினோம். டெக்ஸ்ட் எடிட் செயலியில் அவ்விசைகள் நகலெடுக்கும் கட்டளைக்கு முன்பே உரியவை என்பது எங்களுக்குத் தெரியாது. ஏற்கெனவே வேறு கட்டளைக்கு உரிய விசைகளைக் கொடுத்தால் நம்முடையது வேலை செய்யாது. முடிவில் ஒரே கட்டுரைக்கு ஏழு நகல்கள்! தோழி ஒருத்தி ஒன்றில் பிழை திருத்த, இன்னொருத்தி வேறொன்றில் திருத்தினாள். எது சரியானது என்று வரிவரியாக ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே ஒரு மாலை போயிற்று. அச்சுக்குக் கொடுக்க மறுநாள்தான் கடைசி நாள். எங்கள் பதற்றத்தைச் சொல்லவா வேண்டும்?

இப்போது கன்ட்ரோல், ஆப்ஷன், கமாண்ட் மூன்றையும் இடக்கையால் அமுக்கி, வலக்கையால் ஓர் எழுத்தைச் சேர்க்கிறோம். இக்கூட்டை மற்றக் கட்டளைகள் அதிகம் தொடுவதில்லை. இன்னொன்று: இவ்வமைப்பு அவரவர் கணக்கிற்கு மட்டுமே உரியது. அடுத்தவர் தம் பெயரில் உள்ளே நுழைந்தால் அவருடைய விசைகளே அங்கிருக்கும்.