பட்டுக்கும் மாரடைப்புக்கும் என்ன சம்பந்தம்?

ஆரணி, வெம்பாக்கம் பக்கத்து நண்பர்களுக்குத் தெரிஞ்ச விஷயம்தான்: கச்சாப் பட்டை சோப்புத் தண்ணீரில் வேகவைத்தால் செரிசின் என்ற பசை கரைந்து, எடையில் ஏறத்தாழ கால் பங்கு குறையும். மிஞ்சுவது ஃபைப்ராயின் என்ற புரதம். மருத்துவப் பட்டுக்கும் இதுதான் முதல் படி. பசையோடு உள்ளே போன பட்டு அழற்சியைத் தூண்டும். சுத்தமான ஃபைப்ராயினை உடம்பு பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

சரி, மாரடைப்புக்கு வருவோம். ரத்தம் கிடைக்காமல் இதயத் தசை செத்ததும், முதலில் நியூட்ரோஃபில், அடுத்து மேக்ரோஃபேஜ் செல்கள் வந்து குப்பையை அள்ளும். இதுதான் அழற்சி. இது தேவைதான். ஆனா நீடிச்சா, பிழைத்த தசையும் சேதமாகி, இதயம் விரிந்து பலவீனமாகும். மொத்தமா அடக்கினாலோ தழும்பு வலுவாக உருவாகாது. அதனால அந்த இடத்தில் மட்டும், அளவோடு அடக்கணும்.

மருந்தை மெதுவாக விடும் ஃபைப்ராயின் ஜெல்லையும் ஒட்டையும் இதற்காகத்தான் விலங்குகளில் சோதிக்கிறாங்க. இன்னொரு வழி, சான் டியேகோவில் கேரன் கிறிஸ்ட்மன் குழு பன்றி இதயத் தசையிலிருந்து செல்களை நீக்கிச் செய்த ஜெல். 2019-ல் வெளியான முதல் கட்டச் சோதனையில் 15 நோயாளிகளின் இதயத்தில் அதை ஊசியால் செலுத்தினாங்க. 2022-ல் ரத்தத்தின் வழியாகவே செலுத்தும் வடிவம் வந்தது. எலி, பன்றிகளில் அது கசியும் ரத்தக்குழாய்ச் சுவரை அடைத்து அழற்சியைக் குறைத்தது.

இதெல்லாம் நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்கு வர நாளாகும். வந்தாலும், அடைப்பை சீக்கிரம் எடுக்கிறதுக்கு ஈடாகாது. வீட்டில் யாருக்காவது நெஞ்சு வலின்னா, "கேஸ்தான்"னு சோடா வாங்கிக் கொடுக்காம 108-ஐக் கூப்பிடுங்க.