சிங்கம்புணரியில் இருந்து மெடானுக்கு: தெரியுமா?

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இருந்து நத்தம், கொட்டாம்பட்டி என்று கிழக்கே பிடித்தால், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் சிங்கம்புணரி வந்துவிடும். கயிறு திரிக்கிற ஊர். சேவுகப்பெருமாள் அய்யனாருக்குத் தேர் ஓடுகிற ஊர். அந்த ஊரில் பிறந்த பையன் ஒருவன் 1938ல், பதினெட்டு வயதில், வட்டிக்கடை வேலைக்காகக் கப்பல் ஏறினான். இறங்கிய இடம் சுமத்ரா தீவின் மெடான் நகரம். அவர்தான் பின்னாளில் ‘புயலிலே ஒரு தோணி’ எழுதிய ப. சிங்காரம்! நம் பக்கத்து ஊர்க்காரர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த மெடான் எப்படி நகரமானது தெரியுமா? புகையிலையால்! 1863ல் நின்ஹைஸ் என்ற டச்சுக்காரர் டெலி என்ற அந்தச் சீமைக்கு வந்து புகையிலை பயிரிட்டார். சுருட்டுக்கு மேலே சுற்றுகிற மெல்லிய இலைக்கு டெலி புகையிலையை அடிக்க ஆள் இல்லை என்று பெயர். அறுத்து, உலர்த்தி, கட்டி, கப்பலேற்றி ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டார்கள். அந்தப் பணத்தில் எழுந்ததுதான் மெடான். இங்கே நம் ஊரிலும் கதை அதேதானே! ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டு ஆலை வைத்திருந்தது. வேடசந்தூரில் புகையிலைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. என் சின்ன வயதில் பாடம் போட்ட புகையிலை அடுக்கியிருந்த கிட்டங்கி வாசலைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். அப்படியும் தும்மல் வரும். வெல்லமும் காரமும் கலந்த மாதிரி ஒரு நெடி, சட்டையில் ஏறினால் துவைத்தாலும் போகாது. சிங்காரம் இறங்கிய ஊரும் இலையை நம்பி எழுந்த ஊர்தான் என்று படித்த அன்று எனக்கு அந்த வாசல்தான் நினைவுக்கு வந்தது.

வெயிலுக்கு வருவோம். மெடான் பூமத்திய ரேகைக்குக் கொஞ்சமே வடக்கே, ஏறத்தாழ மூன்றரை டிகிரியில் இருக்கிறது. நாம் பத்து டிகிரியைச் சற்றுத் தாண்டி இருக்கிறோம். இந்தச் சின்ன வித்தியாசம் என்ன செய்கிறது பாருங்கள்: திண்டுக்கல்லில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் 70 நிமிடம் வித்தியாசம். மெடானில் சுமார் 25 நிமிடம்தான்! சித்திரையா மார்கழியா என்று சூரியனைப் பார்த்துச் சொல்லவே முடியாது. மழையோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல். நமக்கு அதில் பாதிகூடக் கிடையாது. சிறுமலை மேலே மேகம் கூடினாலே குடையைத் தேடுகிற நமக்கு அந்த மழையை நினைத்துப் பார்ப்பதே கஷ்டம். கிணற்றையும் கண்மாயையும் பார்த்து வளர்ந்த பையனுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆனால் அங்கே அவன் காதில் விழுந்த மலாய்ப் பேச்சில் நம் சொற்கள் நிறைய ஒளிந்திருந்தன. கடைக்கு மலாயில் ‘கெடாய்’. கப்பலுக்குக் ‘கப்பால்’. பெட்டிக்குப் ‘பெத்தி’. எல்லாம் நாம் கொடுத்தவை. சரக்கு வைக்கும் இடத்துக்கு ‘குடாங்’. அது நம் கிடங்கு என்ற சொல்லின் உறவு. அந்தக் குடாங்கைத்தான் வெள்ளைக்காரன் ‘கோடவுன்’ ஆக்கி நமக்கே திருப்பிக் கொடுத்தான்! ஊரில் மாரியம்மனும் இருந்தாள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோவில் இன்றும் மெடானில் இருக்கிறது. இப்போது அந்தப் பகுதிக்குப் பெயரே கம்புங் மெட்ராஸ். நம் கோட்டை மாரியம்மனுக்குக் கடல் தாண்டி ஓர் அக்கா தங்கை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்களேன்.

வட்டிக்கடைப் பையனின் ஒரு நாள் எப்படிப் போகும்? அந்தக் கால லேவாதேவிக் கடைகள் இருந்த நீளக் கூடத்துக்கும் பெயர் கிட்டங்கிதான். ஒரே கூடத்தில் பல மார்க்காக்கள், அதாவது பல கடைகள். ஆளுக்கு ஓர் இடம், ஒரு கைப்பெட்டி, சாய்வுப் பலகை, பேரேடு. பெட்டியடியில் மேலாள் உட்கார்ந்திருப்பார், அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பையன். விடிவதற்கு முன் எழுந்து கூட்டிப் பெருக்குவதில் இருந்து, வசூலுக்குத் தெருத்தெருவாக அலைவது, ராத்திரி கணக்கு ஒத்துப்போகும்வரை விழித்திருப்பது என்று எல்லாம் அவன் தலையில். பகலில் கணக்கு எழுதின இடத்திலேயே ராத்திரி பாயை விரித்துப் படுப்பான். மூன்று வருஷம் ஒரு தவணை என்று போவார்கள். குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டுத்தான் போவார்கள். ஒரு பைசா கணக்கில் இடித்தால் தூக்கம் கிடையாது. சிங்காரத்தின் எழுத்தில் ஒரு தெருவின் கடைகளும் ஆட்களும் சரக்கும் வரிசை பிசகாமல் வந்து நிற்கின்றனவே, அந்தக் கண் பேரேட்டில் இருந்து வந்தது என்றே நான் நம்புகிறேன்.

வெயில் தேசத்துக்குப் போய் வாழ்ந்த உலக நாவலாசிரியர்களை இவருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘புதையல் தீவு’ எழுதிய ஸ்டீவன்சன் நெஞ்சு நோய்க்காகக் குளிர் நாட்டை விட்டு சமோவாத் தீவில் குடியேறினார். 1890ல் முந்நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கி வீடு கட்டினார். அந்தக் கொதிக்கிற தீவில், வீட்டுக்குள் குளிர்காயக் கணப்பு அடுப்பு கட்டி வைத்தார்! ஊர்க்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் துசித்தாலா. கதை எழுதுகிறவர் என்று அர்த்தம். ஹெமிங்வே கியூபாவில் இருபது வருஷம் இருந்தார். விடியற்காலையில் நின்றுகொண்டே எழுதுவார், தன் எடையைக் குளியலறைச் சுவரில் குறித்து வைப்பார். அந்த எண்கள் இன்னும் சுவரில் இருக்கின்றன! ஆர்தர் கிளார்க் 1956ல் இலங்கைக்கு வந்து 2008ல் கொழும்பிலேயே கண்ணை மூடினார். தினமும் டேபிள் டென்னிஸ் ஆடுவார். 1975ல் நம் இந்திய விஞ்ஞானிகள் போய் அவர் வீட்டில் செயற்கைக்கோள் டிவிக்கு டிஷ் பொருத்திக் கொடுத்தார்கள். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பலாம் என்று 1945லேயே கட்டுரை எழுதியவருக்கு நாம் செய்த மரியாதை அது.

இவர்கள் எல்லாம் எழுத்தாளராகப் பேர் வாங்கிய பிறகு போனவர்கள். சிங்காரம் போனபோது ஒரு வரிகூட அச்சில் வந்ததில்லை.

போன ஏழே வருஷத்தில் அவர் பார்த்தது கொஞ்சநஞ்சமா? இறங்கும்போது டச்சுக் கொடி. 1942 மார்ச்சில் ஜப்பான் படை மெடானுக்குள் நுழைந்தது. ‘புயலிலே ஒரு தோணி’ அந்தப் படை நுழைவில்தான் தொடங்குகிறது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது, இரண்டே நாளில் இந்தோனேசியா சுதந்திரத்தை அறிவித்தது. நடுவில் கடல் தாண்டிய தமிழர்களை எல்லாம் நேதாஜியின் படை இழுத்தது. நாவலின் பாண்டியனும் அதில் சேருகிறான். வட்டிக்கடையை விட்டு வந்த சிங்காரம் அங்கே மராமத்து இலாகாவிலும் வேலை பார்த்தார்.

கல்யாணமும் அங்கேதான். பிரசவத்தில் மனைவியும் போனார், குழந்தையும் போனது. அவர் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. அவர் விரும்பிப் படித்த ஹெமிங்வேயின் ‘போரே, நீ போ’ எப்படி முடிகிறது தெரியுமா? பிரசவத்தில் குழந்தையும் தாயும் சாகிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட நாளில் என்னால் அடுத்த பக்கத்தைப் புரட்ட முடியவில்லை.

1946ல் ஊர் திரும்பினார். அடுத்த வருஷம் மதுரை தினத்தந்தியில் சேர்ந்து 1987 வரை அங்கேயே வேலை. வீடு கிடையாது, ஒய்.எம்.சி.ஏ.வில் ஓர் அறை. சமோவாவில் இருந்துகொண்டு ஸ்டீவன்சன் ஸ்காட்லாந்தை எழுதினார். இவர் அதைத் தலைகீழாக்கினார். மதுரை அறையில் உட்கார்ந்து மெடானையும் பினாங்கையும் எழுதினார். அந்த நாவலுக்குள்ளே பாண்டியன் அங்கே இருந்தபடி தன் ஊரான சின்னமங்கலத்தையும் மதுரைத் தெருக்களையும் நினைத்து உருகுகிறான்! ஏக்கத்துக்குள் ஏக்கம். மலாய், டச்சு, சீனப் பெயர்கள், செட்டிநாட்டுக் கடைப் பேச்சு, சங்கப் பாட்டின் நையாண்டி எல்லாம் ஒரே பக்கத்தில் புரள்கிற தமிழ் உரைநடை அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்து இல்லை.

முதல் நாவல் ‘கடலுக்கு அப்பால்’ 1950ல் எழுதியது. அச்சில் வர ஒன்பது வருஷம் ஆனது. கலைமகள் பரிசு கிடைத்த பிறகுதான் வந்தது. ‘புயலிலே ஒரு தோணி’ 1962ல் எழுதி, பதிப்பாளர் பதிப்பாளராக அலைந்து 1972ல் வெளியானது. அப்போது மெடானை விட்டு வந்து 26 வருஷம் ஆகியிருந்தது. அதன் பிறகு அவர் நாவலே எழுதவில்லை. 1997 டிசம்பர் 30ல் காலமாவதற்கு முன், சேர்த்து வைத்திருந்த பணத்தை ஏழைப் பிள்ளைகள் படிப்புக்கென்று நாடார் மகாஜன சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்.

போன மாசி மாதம் நத்தம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பாண்டியன் சின்னமங்கலத்துச் சந்தையை நினைக்கிற பக்கங்களைத் திரும்ப வாசித்துக்கொண்டு போனேன். வெளியே புளியமரம், செம்மண், வெயில். கொட்டாம்பட்டியில் ஒரு பாட்டி தேங்காய் நார்க்கயிற்றுச் சுருள் இரண்டைத் தூக்கிக்கொண்டு ஏறி என் காலடியில் வைத்துவிட்டு, “கொஞ்சம் பார்த்துக்கப்பா” என்றது. சிங்கம்புணரி வருகிறவரை அந்த நார் வாசம் புத்தகத்துக்குள் ஏறிக்கொண்டே இருந்தது.