மூழ்கவிருந்த கோயில்கள்

1922ஆம் ஆண்டு எகிப்தில் துட்டன்காமுன் மன்னனின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டது. அச்செய்தி பாரிஸ் நகரச் சிறுமி ஒருவரின் மனத்தைக் கவர்ந்தது. அவர்தான் கிறிஸ்டியான் தெரோஷ் நோபல்கூர். பிற்காலத்தில் அவர் புகழ்பெற்ற லூவர் அரும்பொருளகத்தில் எகிப்தியத் துறையின் காப்பாளரானார்.

அவர் பாதை எளிதாக இருக்கவில்லை. 1938இல் கெய்ரோவிலுள்ள பிரெஞ்சுத் தொல்லியல் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கு இடம்பெற்ற முதல் பெண் அவரே. ஆண் அறிஞர்கள் சிலர் நூலகத்தையும் உணவறையையும் அவருடன் பகிர்ந்துகொள்ளக்கூட விரும்பவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அவர் லூவரின் எகிப்தியப் பொருள்களைப் பாதுகாப்பான இடங்களில் மறைத்து வைக்க உதவினார். நாசிகளை எதிர்த்த இரகசிய இயக்கத்திலும் பங்கேற்றார்.

அவருக்குப் பெரும் சோதனை அஸ்வான் அணை வடிவில் வந்தது. எகிப்துக்கு நீரும் மின்சாரமும் தேவைப்பட்டன. ஆனால், அணை கட்டினால் நூபியப் பகுதியின் பழங்கோயில்கள் ஏரியில் மூழ்கிவிடும். பலர் அவற்றைக் கைவிடத் துணிந்தபோது, தெரோஷ் நோபல்கூர் எகிப்திய அமைச்சர் சர்வத் ஒகாஷாவுடன் இணைந்து யுனெஸ்கோவின் ஆதரவைத் திரட்டினார். 1960இல் யுனெஸ்கோ உலக நாடுகளிடம் உதவி கோரியது. அபு சிம்பெல் கோயில்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாளங்களாக அறுக்கப்பட்டு, ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் பொருத்தப்பட்டன.

அமடா கோயிலை அவ்வாறு அறுக்க இயலாது. அறுத்தால் சுவரிலிருந்த வண்ணச் சிற்பங்கள் உதிர்ந்துவிடும். செலவை ஏற்க யாரும் முன்வராத நிலையில், பிரான்ஸ் அதைக் காப்பாற்றும் என அவர் தாமாகவே அறிவித்துவிட்டார். அதிபர் டி கோல் சினம் கொண்டு, அரசின் அனுமதியின்றி எப்படி வாக்களிக்கலாம் எனக் கேட்டாராம். 1940இல் பிரெஞ்சு அரசு சரணடைய முனைந்தபோது, போரைத் தொடருமாறு இலண்டனிலிருந்து மக்களை அழைத்த தாங்கள் யாரிடம் அனுமதி பெற்றீர்கள் என அவர் திருப்பிக் கேட்டாராம். பணம் கிடைத்தது! கோயில் தண்டவாளங்களின் மேல் ஏற்றப்பட்டு, 2.6 கிலோமீட்டர் தொலைவுக்கு மெல்ல மெல்ல நகர்த்தப்பட்டது.

1967இல் பாரிஸில் அவர் நடத்திய துட்டன்காமுன் கண்காட்சிக்கு ஏறத்தாழ 1.2 மில்லியன் பேர் வந்தனர். அவர் 2011இல் தமது 97ஆம் வயதில் காலமானார். அமடா கோயில் நாசர் ஏரிக்கரையில் நிற்கிறது. அதன் சுவர்களில் பழைய வண்ணங்களை இன்றும் காணலாம்.