எடையால் நிற்கும் அணை

சட்லெஜ் ஆற்றின் குறுக்கே 226 மீட்டர் உயரத்தில் நிற்கிறது பக்ரா அணை. 1963-இல் நேரு நாட்டுக்கு அர்ப்பணித்த இந்தக் கான்கிரீட் மலை, தன் பின்னால் தேங்கிய கோவிந்த் சாகர் ஏரியின் மொத்த அழுத்தத்தையும் தாங்குகிறது. எப்படி? தன் எடையால்தான். அதனால்தான் இவ்வகை அணைக்கு ஈர்ப்பு அணை என்று பெயர்.

நீருக்குள் ஒவ்வொரு மீட்டர் இறங்கும்போதும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் அழுத்தம் கூடும். 100 மீட்டர் ஆழத்தில் 100 டன்! ஆகவே அணை உச்சியில் ஒடுங்கி, அடியில் பரந்து, முக்கோணம்போல் அமைகிறது. ஏரி எவ்வளவு நீளம் என்பது பொருட்டல்ல; ஆழம்தான் கணக்கு.

ஆனால் கண்ணுக்குத் தெரியாத எதிரி ஒன்று அடியில் இருக்கிறது. பாறை இடுக்குகளில் கசியும் நீர், அணையை மேல்நோக்கித் தூக்கும். எடையின் பலன் குறையும். 1895-இல் பிரான்சின் பூசே அணை உடைந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோதுதான் பொறியாளர்கள் இதன் கொடுமையை முழுதாக உணர்ந்தார்கள். இன்று பாறையின் விரிசல்களில் சிமெண்ட் கலவையைச் செலுத்தி அடைக்கிறார்கள். மீறிக் கசியும் நீரை, அணைக்குள்ளேயே அமைந்த சுரங்க நடைபாதைகளின் வழியே வடிக்கிறார்கள். அந்தக் கசிவை அளப்பது அணையின் நாடி பார்ப்பதற்குச் சமம்.

பருவமழையில் அணை வெள்ளத்தை அடக்க, கோடையில் பஞ்சாப், அரியானா, ராஜஸ்தான் வயல்களுக்குப் பாய்கிறது பக்ரா நீர். போகும் வழியில் டர்பைன்களைச் சுழற்றி மின்சாரமும் தந்துவிட்டே போகிறது.